பாகப் பத்திரத்தில் 'மா': ஒரே எழுத்து, மூன்று கணக்கு

உங்கள் கேள்வியின் தலைப்பில் "மா என்றால் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்தால் கேட்க வந்தது வேறு என்று தெரிகிறது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் உங்கள் தாத்தாவும் அவருடைய அண்ணனும் 1941-ல் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரத்தின் நகல் இப்போது கையில் கிடைத்திருக்கிறது. தாத்தாவுக்கு ஒதுக்கிய பி ஷெட்யூலில், அதாவது அவர் பங்குச் சொத்துப் பட்டியலில், மூன்று வரிகள்: "நன்செய் மா 3 குழி 40", "கொல்லை புன்செய் மாகாணி", "ஷை கொல்லையில் மா 4 தென்னை 18". இணையத்தில் தேடி, ஒரு மா 33 சென்ட், ஒரு காணி 132 சென்ட் என்று எடுத்துக்கொண்டு மூன்று வரியையும் கூட்டியிருக்கிறீர்கள். 4 ஏக்கர் 9 சென்ட் வருகிறது. இன்றைய பட்டாவில் இருப்பதோ 0.45.50, 0.17.00 என்று இரண்டு இனம்தான். சேர்த்தால் 62.5 ஏர்ஸ் (நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர்), ஒன்றரை ஏக்கரும் சொச்சமும். மீதி இரண்டரை ஏக்கரைப் பெரிய தாத்தா வீட்டார் அமுக்கிவிட்டார்களா என்பதுதான் உங்கள் சந்தேகம்.

நீங்கள் தட்டச்சு செய்து போட்டிருக்கும் மூன்று வரிகளை மட்டும் வைத்துச் சொல்வதானால், நிலம் எதுவும் காணாமல் போகவில்லை. பத்திரத்துக் கணக்கும் பட்டாக் கணக்கும் ஒரு சென்ட் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகின்றன. அந்த மூன்று வரியிலும் 'மா' வருகிறது, ஆனால் மூன்றும் ஒரே மா இல்லை. முதல் வரியில் அது நில அளவு. இரண்டாவதில் பின்னம். மூன்றாவதில் மாமரம். நான் திருவாரூர் மாவட்டத்தில் நெடுங்காலமாகப் பத்திரம் எழுதுகிற ஆள். பழைய பத்திரத்தைப் படித்துச் சொல்லுங்கள் என்று வருகிறவர்கள்தான் இப்போது அதிகம். நான் வக்கீலும் இல்லை, சர்வேயரும் இல்லை. அதனால் எந்த இடத்தில் என் பேச்சு நிற்கும், எந்த இடத்தில் அவர்களிடம் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வரி எளிது. தஞ்சை ஜில்லா முழுக்க, அதாவது இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில், நஞ்சை நிலத்தின் பழைய கணக்கு வேலி, மா, குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. குழி என்பது பன்னிரண்டடிக் கோலால் நீளமும் அகலமும் அளந்த சதுரம், 144 சதுர அடி. அப்படியானால் ஒரு மா 14,400 சதுர அடி, சென்ட்டில் 33-க்கு ஒரு மயிரிழை கூட. வேலி 2,88,000 சதுர அடி, 6 ஏக்கர் 61 சென்ட். ஊரில் யாரும் இவ்வளவு துல்லியமாகப் பேச மாட்டார்கள். "மூணு மா ஒரு ஏக்கர், மூணு குழி ஒரு சென்ட்" என்பார்கள். அந்தக் கணக்கில் வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சிலர் 6.61 என்பதற்கும் சிலர் 6.67 என்பதற்கும் காரணம் இந்த முழுமையாக்கல்தான், இரண்டும் ஒரே வேலிதான். உங்கள் வரியில் 3 மா 40 குழி, ஆக 340 குழி. 144-ஆல் பெருக்கினால் 48,960 சதுர அடி, 112 சென்ட்டும் கொஞ்சமும். மெட்ரிக்கில் 45.5 ஏர்ஸ். உங்கள் பட்டாவின் முதல் இனம் 0.45.50. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

இந்த மா பத்திரத்தோடு செத்துப்போன அளவும் இல்லை. குறுவைக்கோ சம்பாவுக்கோ எங்கள் பக்கம் வந்து டீக்கடையில் உட்கார்ந்தால் "எத்தனை மா போட்டிருக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். நடவுக் கூலி, அறுவடை மெஷின் வாடகை, குத்தகை எல்லாமே மாவுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. "மாவுக்குப் பத்து மூட்டை கண்டுச்சு" என்றால் ஏக்கருக்கு முப்பது மூட்டை என்று பொருள். கூட்டுறவு வங்கியில் கடன் மனு எழுதும்போதுதான் அதை ஏக்கருக்கு மாற்றுவார்கள், வி.ஏ.ஓ. சிட்டாவில் ஹெக்டேருக்கு மாற்றுவார். ஒரே வயலுக்கு இப்படி மூன்று மொழி இருப்பதால்தான் வெளியூரில் வளர்ந்த வாரிசுகளுக்குத் தலை சுற்றுகிறது. மனக்கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு மா 13.4 ஏர்ஸ், ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஏழரை மா.

இரண்டாவது வரியில்தான் பெரிய குழி இருக்கிறது, 144 சதுர அடிக் குழியைச் சொல்லவில்லை. 'மாகாணி' என்பதை நீங்கள் ஒரு மா, ஒரு காணி என்று பிரித்து, 33-ம் 132-ம் கூட்டி 165 சென்ட் என்று போட்டிருக்கிறீர்கள். பிரித்தது சரி. காணிக்கு வைத்த மதிப்புதான் தவறு.

தமிழ்க் கணக்கில் மா என்பது முதலில் ஒரு பின்னம், 1/20. நில அளவுக்கு அந்தப் பெயர் வந்ததே வேலியில் இருபதில் ஒன்று என்பதால்தான். அதே வரிசையில் காணி 1/80, முந்திரி 1/320. பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்கம், அதாவது பின்ன வாய்பாடு, மனப்பாடம் செய்த தலைமுறைக்கு அரைக்கால், மாகாணி, அரைமா, முக்காணி எல்லாம் நாக்கில் நிற்கும். மாவையும் காணியையும் கூட்டுங்கள்: 1/20 என்பது 4/80, அதோடு 1/80 சேர்ந்தால் 5/80, அதாவது 1/16. மாகாணி என்றால் வீசம், பதினாறில் ஒன்று. ரூபாயில் மாகாணி ஓர் அணா. வேலியில் மாகாணி 125 குழி. அது 18,000 சதுர அடி, 41 சென்ட்டும் கொஞ்சமும், 16.7 ஏர்ஸ். உங்கள் பட்டாவின் இரண்டாவது இனம் 17 ஏர்ஸ். பத்திரத்தைவிட இரண்டு குழி கூடவே இருக்கிறது. கோல் வைத்து அளந்ததற்கும் பின்னால் சங்கிலி வைத்து அளந்ததற்கும் அந்த அளவு வித்தியாசம் சகஜம்.

அப்படியானால் 132 சென்ட் காணி எங்கிருந்து வந்தது? அதுவும் உண்மையான அளவுதான், வேறு ஊருடையது. சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் 24 மனை ஒரு காணி. மனை 2,400 சதுர அடி என்றால் காணி 57,600 சதுர அடி, 132 சென்ட். இணையத்தில் 'காணி' என்று தேடினால் முதலில் வருவது இந்தக் காணி. டெல்டாவின் பின்னக் காணி வேலியில் எண்பதில் ஒன்று, 25 குழி, எட்டேகால் சென்ட்டுக்குச் சற்றுக் கூட. இரண்டுக்கும் பதினாறு மடங்கு வித்தியாசம். கொள்ளிடத்துக்கு வடக்கே போகப் போகப் பெரிய காணி பேச்சில் வரும். நம் பக்கமும் மனிதர்கள் அங்குமிங்கும் பெண் எடுத்துப் பெண் கொடுத்திருப்பதால், வாய்ப்பேச்சில் யார் எந்தக் காணியைச் சொல்கிறார் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இது போதாதென்று, 'காணி' என்றால் நிலத்தின் மீதுள்ள பரம்பரை உரிமை என்றும் ஒரு பொருள் இருக்கிறது. காணியாட்சி, காணியாளர் என்று பழைய ஆவணங்களில் வருவது அது. அங்கே அளவே கிடையாது. ஆனால் 'மாகாணி' என்று ஒட்டி எழுதியிருந்தால் குழப்பத்துக்கு இடமில்லை. அது பின்னம்தான், 1/16 தான்.

இந்தப் பின்னக் கணக்கின் வேர் ரொம்ப ஆழம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தேவதானக் கிராமங்களின், அதாவது கோயிலுக்கு விட்ட கிராமங்களின், நிலத்தை எழுதும்போது வேலியைச் சொல்லி, அதற்குக் கீழே அரை, கால், மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, அதற்கும் கீழே 'கீழ்' என்று ஒரு படி போவார்கள். கீழ் என்றால் இன்னொரு தடவை 320-ஆல் வகு என்று பொருள். கீழ்முந்திரி 1,02,400-ல் ஒன்று. முதலாம் ராஜராஜன் காலத்தில் 1001 வாக்கிலும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086-லும் நாடு அளக்கப்பட்டது. அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்றே பெயர். அந்தக் கல்வெட்டுகளில் பல இடத்தில் 'வேலி' என்ற சொல்லே இருக்காது. "நிலம் அரையே இரண்டு மா" என்று இருக்கும். அரை வேலியும் இரண்டு மாவும், ஆக 12 மா என்று படிப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும். 1941 பத்திரத்தில் 'மாகாணி' என்று மட்டும் எழுதி, எதில் மாகாணி என்று எழுதாமல் விட்டதும் இதே பழக்கம்தான். எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் வேலி என்பது மூச்சு மாதிரி. சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். எண்பது வருஷம் கழித்துச் சென்னையில் ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்!

வரிசையையும் கவனியுங்கள். பின்னங்களைச் சேர்த்துச் சொல்லும்போது பெரியது முன்னால் வரும், சிறியது பின்னால் வரும். "அரைக்காலே மா" என்றால் எட்டில் ஒன்றும் இருபதில் ஒன்றும் சேர்ந்தது. வேலிக் கணக்கில் இரண்டரை மாவும் ஒரு மாவும், ஆக மூன்றரை மா. "மா ஒன்றரைக்கால்" என்றால் ஒன்றேயரைக்கால் மா, 112 குழியும் அரையும். சொற்கள் ஏறக்குறைய அதே, நிலம் மூன்று மடங்கு மாறுகிறது. உங்கள் பத்திரத்தில் ஏ ஷெட்யூலையும் நீங்கள் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தில் நிதானமாகப் போங்கள்.

'பங்கு' என்ற சொல் பக்கத்தில் வந்தால் கணக்கு மறுபடி மாறும். "பொதுக் களத்தில் ஒரு மா பங்கு" என்றால் 33 சென்ட் களம் என்று பொருள் இல்லை. அந்தக் களம் எவ்வளவு இருக்கிறதோ அதில் இருபதில் ஒரு பங்கு. குளம், களம், கிணறு, மந்தை மாதிரி பொதுவில் விட்ட சொத்துகளுக்கு இப்படி எழுதுவார்கள். உங்கள் மூன்று வரியில் இது இல்லை. ஷெட்யூலின் கடைசியில் பொதுச் சொத்து என்று தனியாகப் போட்டிருந்தால் அங்கே இருக்கலாம்.

மூன்றாவது வரிக்கு வருவோம். "ஷை கொல்லையில் மா 4 தென்னை 18." இதை நீங்கள் 4 மா நிலம் என்று எடுத்து 132 சென்ட் கூட்டிவிட்டீர்கள். இங்கே மா என்பது மாமரம். நான்கு மாமரம், பதினெட்டுத் தென்னை. முதல் வரியிலும் 'மா' என்ற சொல்லுக்குப் பின்னால்தான் எண் வருகிறது, இங்கேயும் அப்படித்தான். அதனால் எண் நிற்கும் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. துணைக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். அங்கே துணைக்குக் குழி வந்தது. இங்கே தென்னை வருகிறது. நில அளவையும் மரத்தையும் ஒரே மூச்சில் அடுக்கி எந்த எழுத்தரும் எழுத மாட்டார்.

இதைவிட உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. 'ஷை கொல்லையில்' என்றால் மேலே சொன்ன அந்தக் கொல்லைக்குள் என்று அர்த்தம். கொல்லையே மாகாணி, ஒன்றேகால் மா. ஒன்றேகால் மாவுக்குள் நாலு மா நிலம் எப்படி இருக்கும்? மரமாக எடுத்துக்கொண்டால் பொருந்துகிறதா என்றும் பார்க்கலாம். தென்னைக்கு இருபத்தைந்து அடி இடைவெளி விட்டால் மரத்துக்கு 625 சதுர அடி, 18 மரத்துக்கு 11,250. நாலு மாமரத்துக்கு முப்பது அடி வீதம் 3,600. இரண்டும் சேர்ந்து 14,850. கொல்லை 18,000 சதுர அடி. மரங்கள் நின்றதுபோக வைக்கோல் போர் போடவும் மாடு கட்டவும் இடம் இருந்திருக்கும். நீங்கள் 1941-க்குப் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் கணக்கு இடிக்கவில்லை.

பாகப் பத்திரத்தில் மரத்தை ஏன் எண்ணி எழுத வேண்டும் என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் தேங்காய், மாங்காய், புளி, இலுப்பை எல்லாம் வருமானம். மண் ஒருவருக்கு, அதில் நிற்கும் மரத்தின் மகசூல் இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. அப்பா உயிரோடு இருக்கும்வரை மரத்து மகசூல் அப்பாவுக்கு என்று நிபந்தனை போட்டதையும் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை எழுதிவிட்டால் பின்னால் வெட்டிவிட்டு "அப்படி ஒரு மரமே இல்லை" என்று சொல்ல முடியாது. பத்திரத்தின் கடைசியில் "மாவடை மரவடை" என்று ஒரு தொடர் வரும், அதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிலத்தின் மேல் நிற்கும் மரம், மட்டை எல்லாம் சேர்த்து என்று சொல்லும் வாய்பாடு அது. அதற்கு அளவு கிடையாது, கூட்டலில் சேராது.

மாமரம் என்ற மாவும் அளவு என்ற மாவும் தனியாக நின்றால் ஒன்றுபோல இருக்கும். இன்னொரு சொல்லோடு சேரும்போது சாயம் வெளுத்துவிடும். மரம் என்றால் மெல்லினம் வரும்: மாங்காய், மாம்பழம், மாந்தளிர். அரிசி மாவு என்றால் வல்லினம் இரட்டிக்கும்: மாக்கோலம். நன்னூல் நாற்பத்திரண்டு ஓரெழுத்துச் சொற்களைக் கணக்கிடுகிறது, அதில் இதுவும் ஒன்று. அகராதியைத் திறந்தால் விலங்கு, குதிரை, பெரிய, கரிய, திருமகள் என்று போய்க்கொண்டே இருக்கும். யாப்பில் தேமா, புளிமா என்று சீருக்கும் அதுதான் பெயர். இதெல்லாம் தமிழாசிரியர் சமாசாரம், பத்திரத்துக்கு வராது. அளவு, பின்னம், பங்கு, மரம் இந்த நாலோடு உங்கள் வேலை முடிந்தது.

கேள்வியின் கடைசியில் 'ளு', 'மீ', 'ஷை' என்பவை என்ன மொழி என்று கேட்டிருந்தீர்கள். தமிழ்தான், ஆனால் எழுத்தில்லை, குறிகள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். கையால் வேகமாக எழுதும்போது இவை முறையே ளு, மீ, உ மாதிரி தெரியும். அச்சிலும் பலர் அப்படியே ளு, மீ, உ என்று போட்டுவிட்டார்கள். ௸ என்பது மேற்படி. அதைத்தான் 'ஷை' என்று படிக்கிறோம். அதனால் "1941 ளு நவம்பர் மீ 20 உ" என்றால் 1941-ஆம் வருடம் நவம்பர் மாதம் 20-ஆம் தேதி. பக்கத்தில் "விஷு ளு கார்த்திகை மீ" என்று தமிழ்த் தேதியும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அது 1941-42-க்கு உரிய விஷு வருடம், பொருந்துகிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், தமிழ்த் தேதி மட்டும் உள்ள ஆவணத்தில் எந்தச் சுற்று என்று வேறு ஆதாரத்தைக் கொண்டு உறுதிப்படுத்த வேண்டும். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ.வின் பயிர்க் கணக்கில், பசலி என்று ஒரு வருடக் கணக்கு பார்ப்பீர்கள். ஜூலை முதல் தேதியில் தொடங்கும் அந்த வருடத்தோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருடம். பசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை.

இந்தக் குறிகளை நீங்களே கணினியில் தட்டச்சு செய்ய முயன்றால் ஒரு விஷயம். நாள், மாதம், வருடம், மேற்படி எல்லாம் யூனிகோடில் முன்பே இருக்கின்றன. மா, காணி போன்ற பின்னங்களுக்கான தனிக் குறிகளும், குழி, வேலி, நன்செய், புன்செய்க் குறிகளும் 2019-ல்தான் சேர்ந்தன. பல போன்களில் அவை வெறும் கட்டமாகத் தெரியலாம். நகல் எடுப்பவர் குறியை எழுத்தாக மாற்றி எழுதியிருக்கிறாரா, அப்படியே வரைந்திருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி, எது உறுதி, எது இல்லை. 'மாகாணி' 1/16 என்பதிலும், மூன்றாவது வரி மரம் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் வரியில் அளவு சரி, ஆனால் ஒரு நிபந்தனையோடு. 144 சதுர அடிக் குழி என்பது தஞ்சை ஜில்லாவில் நிலைத்துவிட்ட வழக்கு. கோல் மாறினால் குழி மாறும். சோழர் கல்வெட்டுகளிலேயே பதினாறு சாண் கோல் என்று குறிப்பிட்டு எழுதியிருப்பார்கள், கோலைச் சொல்லாமல் குழியைச் சொன்னால் அர்த்தமில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் உங்கள் விஷயத்தில் 144 வைத்துப் பெருக்கிய விடை பட்டாவோடு அச்சாகப் பொருந்துகிறது. வேறு கோல் என்றால் இப்படிப் பொருந்தாது. ஆகவே அதையும் ஏற்கலாம் என்பது என் கருத்து.

நான் சொல்ல முடியாதது இதுதான்: நீங்கள் பார்த்துத் தட்டச்சு செய்ததைத்தான் நான் படிக்கிறேன், பத்திரத்தை அல்ல. அந்தக் காலத்துப் பதிவு அலுவலகத்தில் நகல் கையால் எழுதப்பட்டது. 'மா 3' என்பது மூலத்தில் 'மா 8' ஆக இருந்திருக்கலாமா என்றால், எண்ணை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தான் செக்குபந்தி இருக்கிறது, நான்கெல்லை. அளவும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்குத்தான் மதிப்பு. அதைப் படிக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. "பாமணியாற்று வாய்க்காலுக்குத் தெற்கு" என்று இருந்தால் வாய்க்கால் தெற்கே இருக்கிறது என்று பொருள் இல்லை. நம் நிலம் வாய்க்காலுக்குத் தெற்கே இருக்கிறது, ஆக வாய்க்கால் வடக்கெல்லை. இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு அடுத்தவர் வயலில் போய் நின்றவர்கள் நிறைய.

பத்திரத்தில் உள்ள சர்வே நம்பரும் இன்றைய பட்டாவில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இடையில் உட்பிரிவு ஆகியிருக்கும். 1980-களில் முடிந்த யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாடு) கணக்கெடுப்பில் பெயரும் பரப்பும் திருத்தப்பட்டிருக்கும். தாலுகா அலுவலகத்தில் பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்று காட்டும் பட்டியலும், 'அ' பதிவேட்டு (கிராமத்து நிலப் பதிவேடு) நகலும், புலப்படமும் (அந்த சர்வே நம்பரின் அளவு வரைபடம்) கேளுங்கள். புலப்படத்தில் உள்ள நீள அகலத்தை வைத்துப் பரப்பைக் கணக்கிட்டால் 340 குழி வருகிறதா என்று நீங்களே சரிபார்க்கலாம். 1941 தொட்டு இன்றுவரை யாராவது கிரயம் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வில்லங்கம் போட வேண்டும். அவ்வளவு பழைய காலத்துக்குப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் புத்தகத்தில்தான் தேட வேண்டியிருக்கும். பட்டாவில் பெயர் இருப்பது மட்டுமே உரிமைக்குக் கடைசி வார்த்தை ஆகாது. இதுக்கு மேல் வக்கீல்தான்.

உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் அனுப்பிய குறுஞ்செய்தியில் "மா.வ.அ. கிட்ட போய்க்கோ" என்று இருந்ததையும் சேர்த்துப் போட்டிருந்தீர்கள், அதில் ஏதாவது நில அளவு இருக்கிறதோ என்று. இல்லை. புள்ளி வைத்த மா பெரும்பாலும் மாவட்டம். மா.வ.அ. என்றால் மாவட்ட வருவாய் அலுவலர். பட்டா மாறுதலில் தாசில்தார் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் சீராய்வு இவரிடம். ஊர் பேனரில் பார்க்கும் மா.செ. கட்சியின் மாவட்டச் செயலாளர். எங்கள் பக்கத்துப் பத்திரிகைச் செய்திகளில் அடிக்கடி வரும் மா.கம்யூ. மட்டும் மார்க்சிஸ்ட். மூப்பனார் 1996-ல் தொடங்கிய த.மா.கா.வில் உள்ள மா மாநிலம்.

அண்ணன் கோபத்தில் அனுப்பியதுபோலத் தெரிகிறது, ஆனால் இப்போதைக்கு மா.வ.அ.விடம் போக உங்களிடம் விஷயம் இல்லை. இரண்டரை ஏக்கர் என்று குற்றம் சாட்டி ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்றால், இந்தக் கணக்கை அவருக்கும் அனுப்பிவிடுங்கள். அப்புறம், பி ஷெட்யூல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் நானும் பார்க்கிறேன். பெயர்களையும் சர்வே நம்பரையும் மறைத்துவிட்டு, செக்குபந்தி வரிகள் முழுசாகத் தெரிகிற மாதிரி போடுங்கள்.